பெலிக்கன் விரிகுடாவில் வேலி இல்லை

எங்கள் தெருவில் நான் ஒரு தீவுக்கு விலை போடுகிறவள். அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். குழாயடியில் சொன்னது கிளியனூர் பஸ் நிறுத்தம் வரை வந்து சேர்ந்துவிட்டது.

காலையில் காந்திமதி அக்கா என்னைப் பிடித்துக்கொள்வார். அவர் புதுச்சேரிப் பக்கம் வேலைக்குப் போகிறவர். நான் திண்டிவனம் போக வேண்டும்.

"இன்னா வேணி, ஒன் தீவுல ஒரு சென்டு இன்னா போவுது?"

"அங்க சென்டு கணக்கு இல்லக்கா. சதுர அடிதான்."

"தண்ணி எப்படி?"

"சுத்தியும் கடலுக்கா."

"கடலு மரக்காணத்துலகூடத்தான் இருக்குது. குடிக்கத் தண்ணி எப்படின்னு கேட்டேன்."

"மழைத்தண்ணியப் புடிச்சி வச்சிக்குவாங்க. வீட்டுக்கு அடியிலயே தொட்டி இருக்கும்."

"அப்ப நமக்கு வேணாம்" என்று முடிவு சொன்னார், நான் விற்க வந்தவள்போல. "போர் தண்ணி இல்லாத எடத்த வாங்கி இன்னா பண்றது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் தரையைப் பார்த்துச் சிரித்தேன். எனக்குப் பதில் சொல்ல வராது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நல்ல பதிலாக ஒன்று தோன்றும்.

உண்மையில் நான் எதையும் விற்பதில்லை. விலை போடுவதும் இல்லை. மற்றவர்கள் போட்ட விலைகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. செயின்ட் ஓரியல், கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. வரைபடத்தில் விரலை வைத்தால் மறைந்துவிடும். அங்கே மிஸஸ் ஜோசப் என்பவர் வீடும் நிலமும் விற்றுத் தரும் ஏஜென்சி ஒன்றை நடத்துகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தீவின் நிலச் சந்தை பற்றி அறிக்கை வெளியிடுவார். எங்கே விலை ஏறியது, எங்கே இறங்கியது, யார் வாங்குகிறார்கள் என்று அதில் இருக்கும். அங்குள்ள வங்கிகள் கடன் கொடுக்குமுன் அதைப் பார்க்கின்றன. வீட்டு வரி போடுகிறவர்களும் பார்க்கிறார்கள். பதிவான கிரயங்களின் விவரத்தை அவர் எங்களுக்கு அனுப்புவார். அதைச் சரிபார்த்து, கணக்குப் போட்டு, படம் வரைந்து, அறிக்கையாக எழுதி அனுப்புவது நாங்கள். எங்கள் ஆபீஸ் திண்டிவனத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது.

ஆபீஸை நடத்துபவர் தமிழ்மணி சார். கெடார் பக்கத்து விவசாயக் குடும்பம். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்தவர், மிஸஸ் ஜோசப் என்ற ஒரே வாடிக்கையாளரை நம்பி வேலையை விட்டுவிட்டு வந்தார். என் பக்கத்து நாற்காலி சித்ரா. படங்கள் வரைவதும் பக்கங்களை அமைப்பதும் அவள். நான் இயற்பியல் பட்டதாரி. சேர்ந்த புதிதில், நிலத்துக்கும் இயற்பியலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எங்கள் குடும்பத்துக்கும் நிலத்துக்குமே சம்பந்தம் கிடையாது. அப்பா பெரியசாமி அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தார். அவருடைய அப்பாவும் அப்படித்தான்.

ஆனால் செயின்ட் ஓரியலின் நிலம் எனக்குத் தெரியும். கனடாவிலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் திரும்பி வந்து வீடு கட்டுகிறார்கள். லேப்டாப்பில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வருட விசாவில் வந்து தங்குவதால், வாடகைக்கு விட்டால் நல்ல லாபம். பெரிய புயல் ஒன்று அடித்த பிறகு கடலோர வீடுகளுக்கு இன்சூரன்ஸ் எகிறிவிட்டது. அதனால் முன்பு யாரும் சீண்டாத மலைச்சரிவில் இப்போது கேட்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாங்க நினைத்தால்தான் எட்டவில்லை. இதையெல்லாம் நான் எண்களிலிருந்து தெரிந்துகொண்டேன். தீவில் எந்தப் பாதை எந்தக் கடற்கரையில் போய் முடியும் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். திண்டிவனத்தில் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த முறை அறிக்கை வேலை தொடங்கியபோது தமிழ்மணி சார் வந்து என் மேஜைமேல் கையை ஊன்றி நின்றார்.

"வேணி, இந்த ரிப்போர்ட்ல தயாரிச்சவங்க பேரு போடணும்னு மிஸஸ் ஜோசப் சொல்லிட்டாங்க. ஒன் பேரத்தான் போடப் போறேன்."

நான் திரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன்.

"பாருங்க சார், காது செவந்துபோச்சி" என்றாள் சித்ரா. "ஏய், ட்ரீட் எப்ப? தலப்பாகட்டி பிரியாணியா, தள்ளுவண்டியா?"

"ரிப்போர்ட் வரட்டும்."

"அப்ப தள்ளுவண்டிதான்."

அன்று மாலையே கணக்கில் ஒன்று இடித்தது.

தீவின் சராசரி நில விலை ஒரே வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருந்தது. இதற்கு முன் ஒருமுறைகூட இப்படி ஏறியதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தேன். மற்ற எல்லா இடங்களிலும் ஏற்றம் மெதுவானது. பெலிக்கன் விரிகுடா என்ற ஒரே இடம்தான் மொத்தத்தையும் மேலே இழுத்தது. தீவின் வடகோடியில் மீனவர்கள் கொஞ்சம் பேர் இருக்கும் கடற்கரை அது. அங்கே ஒரு நிறுவனம் புதர்க்காட்டை வாங்கி மனை பிரித்திருந்தது. அந்த மனைகள் விற்று, மறுபடி விற்று, ஒவ்வொரு கையிலும் விலை கூடியிருந்தது.

தமிழ்மணி சாருக்குச் சந்தோஷம். "தலைப்பு கெடச்சிடுச்சி வேணி! பெலிக்கன் விரிகுடா தீவையே தூக்குது. கடைசி அட்டையில முழுப்பக்க விளம்பரம் குடுக்கறவனும் அங்க மனை போட்ட அதே கம்பெனிக்காரன்தான். நல்லா பொருந்துது."

நான் சரி என்றேன். ஆனால் அந்தக் கிரயங்களை மூடிவைக்க முடியவில்லை. வாங்கியவர்கள் எல்லாம் கம்பெனிகள். பெயர்கள் வேறு வேறு. பத்திரம் எழுதிய வக்கீல் மட்டும் ஒருவரே. செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பார்த்தேன். மனைக்குள் போக வெட்டியிருந்த மண் சாலையில் மறுபடியும் புதர் ஏறியிருந்தது. இதில் என்னவோ எனக்குப் பழக்கமானதாக இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டது.

அம்மா காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள். ஒலக்கூர் பக்கம் புது நகர் திறப்பு. எங்கள் பக்கத்தில் லேஅவுட் போடுகிறவர்கள் திறப்பு நாளன்று சென்னையிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டி வருவார்கள். வந்து இறங்குகிறவர்கள் பொட்டல் காட்டைப் பார்த்தால் வாங்க மாட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தால் வாங்குவார்கள். அதற்காக முன்கூட்டியே ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலிகளில் எங்களை மாதிரி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் லேஅவுட் வரைபடம் மாட்டியிருக்கும். ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்துபோய் மனை எண்ணைச் சொல்ல வேண்டும். அவர்கள் அந்தக் கட்டத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கை தட்டுவார்கள். வேனில் வந்தவர்களுக்குப் பதற்றம் வந்துவிடும். மிச்சம் இருக்கும் மனைக்கு அங்கேயே முன்பணம் கொடுப்பார்கள். எங்களுக்குச் சம்பளமும் பிரியாணியும். எங்கள் தெருவிலிருந்து பெண்களைத் திரட்டிப் போவது அம்மாதான். கல்லூரி சேரும்வரை நானும் போயிருக்கிறேன்.

"நீயும் வாயேன்டி" என்றாள் அம்மா, தலையில் பூ வைத்தபடி. "டிகிரி படிச்ச மூஞ்சி ஒண்ணு முன்னாடி ஒக்காந்தா இன்னும் ரேட்டு ஏறும்."

"போம்மா."

"கண்ணாடி வேற போட்டிருக்க. பேங்க்ல வேல பாக்கற பொண்ணுன்னு நெனச்சிக்குவாங்க. வாயத் தொறக்க வேணாம், சும்மா ஒக்காரு. அதுதான் ஒனக்கு நல்லா வருமே."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மா, போன வருசம் ஏரிக்கரப் பக்கம் ஒரு நகர் தெறந்தாங்களே. ஸ்டிக்கர் ஃபுல்லா ஒட்டினாங்கன்னு சொன்ன. அங்க யாருனா வீடு கட்டினாங்களா?"

"எவன் கட்டறான்? ஆடு மேஞ்சிக்கினு கெடக்குது."

"வேலி?"

"வேலி போட வாங்கினவன்னு ஒருத்தன் இருக்கணும் இல்ல? நெஜமா வாங்கினவன் மறுவாரமே கம்பியும் கல்லுமா வந்து எறங்கிடுவான். ஸ்டிக்கர் ஒட்டினவங்க நாங்க. நாங்க எங்க போயி வேலி போடறது?" அம்மா செருப்பைத் தேடினாள். "இன்னாத்துக்குக் கேக்கற?"

"ஒண்ணுமில்ல."

அவள் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். பெலிக்கன் விரிகுடாவின் மனைகள் எனக்கு இப்போது ஸ்டிக்கர்களாகத் தெரிந்தன.

தோன்றியதை நம்பிவிடக் கூடாது என்றுதான் படித்திருக்கிறேன். தீவில் கம்பெனிகள் நிலம் வாங்கிய மற்ற கடற்கரைகளையும் எடுத்துக்கொண்டேன். அங்கெல்லாம் வாங்கிய சில மாதங்களிலேயே கட்டட அனுமதி கேட்டு மனு போயிருந்தது. படத்தில் வேலி தெரிந்தது, தோண்டிய பள்ளம் தெரிந்தது, குறைந்தபட்சம் லாரி போன தடம் தெரிந்தது. பெலிக்கன் விரிகுடாவில் ஒரு மனைக்குக்கூட மனு இல்லை. வேலி இல்லை. தடம் இல்லை. அதை மட்டும் விலக்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். தீவின் விலை ஏறியிருந்தது உண்மை. ஐந்து சதவீதம்.

திங்கட்கிழமை தமிழ்மணி சாரிடம் காட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"அவங்களே வேற வேற பேருல வாங்கிக் கூட்டம் காட்டறாங்கன்னு சொல்றியா?"

"ஆமா சார்."

"வேணி, அது வேற ஊரு. அங்க கம்பெனி பேருல வாங்கறது சகஜம். வாங்கிப் போட்டுட்டு சும்மா இருப்பான். அவன் இஷ்டம்."

"மத்த எடத்துல சும்மா இல்ல சார். பாருங்க, ரெண்டாவது பக்கம்."

அவர் இரண்டாவது பக்கத்தைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தப்பாப் போச்சின்னா இன்னா ஆவும் தெரியுமா? விளம்பரம் குடுக்கறவன் மேலயே கைய வைக்கிறோம். மிஸஸ் ஜோசப் நம்மள வேணான்னுட்டா, எனக்கு வேற கிளையண்ட் கெடையாது. சித்ரா, நீ, நானு, எல்லாருக்கும் பேஜாரு."

"அப்ப நான் எழுதினத எடுத்துடவா சார்?"

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் எடுத்துவிடு என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். என் பெயரோடு பொய் எண் அச்சாகியிருக்கும். அங்கே யாரோ அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கியிருப்பார்கள்.

அவர் இரண்டாவது பக்கத்தை மறுபடி புரட்டினார்.

"சரியா இருக்குதுன்னு நீ நம்பறியா?"

"நம்பறேன் சார்."

"அப்ப நீயே மிஸஸ் ஜோசப்கிட்ட சொல்லு. நான் சொன்னா, கேக்கற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இன்னிக்கி சாயந்தரம் கால்ல நீதான் பேசற."

நான் அதுவரை அந்த அழைப்புகளில் பேசியதே இல்லை. காமிராவுக்கு ஓரமாக உட்கார்ந்து, கேட்டதைத் தட்டச்சு செய்து அனுப்புவேன். அன்று மதியம் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன்.

நமக்கு மாலை என்றால் அவர்களுக்குக் காலை. மிஸஸ் ஜோசப் திரையில் வந்தார். பெரிய உருவம், நரைத்த சுருள் முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பின்னால் எங்கேயோ சேவல் கூவியது. நான் ஆங்கிலத்தில் பேசினேன். முதல் வாக்கியம் பாதியில் நின்றது. சித்ரா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மறுபடி தொடங்கினேன். எண்களுக்கு வந்ததும் குரல் தானாகச் சரியானது. எண்களைச் சொல்லும்போது எனக்கு வெட்கம் வருவதில்லை.

முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கும் அந்த விலைகள் உறுத்தின" என்றார். "வங்கியில் கேட்டேன். பத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்றார்கள். இங்கிருந்தே எங்களுக்குத் தெரியவில்லை. வேலி இருக்கிறதா என்று பார்க்க உனக்கு எப்படித் தோன்றியது?"

மற்ற இடங்களோடு ஒப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. தமிழ்மணி சாருக்கும் சித்ராவுக்கும் என் வீட்டைப் பற்றி அதிகம் தெரியாது. நான் சொன்னதில்லை.

"நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், மேடம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். ஷாமியானா, வேன், சிவப்பு ஸ்டிக்கர், கைதட்டல். என் அம்மாதான் ஆட்களைத் திரட்டுகிறாள் என்றேன். நேற்றும் போனாள் என்றேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, ஆனால் ஒரே நாளில் மூன்று மனைகள் "வாங்கி" இருக்கிறேன், அதில் எதற்கும் நாங்கள் வேலி போட்டதில்லை என்றேன்.

மிஸஸ் ஜோசப் சிரிக்கவில்லை. "என்ன சாப்பாடு கொடுப்பார்கள்?" என்று கேட்டார்.

"சிக்கன் பிரியாணி."

"நன்றாக இருக்குமா?"

"அது மனையைப் பொறுத்தது, மேடம். மனை மோசமாக இருந்தால் பிரியாணி நன்றாக இருக்கும்."

அப்போதுதான் சிரித்தார். பெரிய சிரிப்பு. பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டு, "நானே போய்ப் பார்க்கிறேன். அதுவரை எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

திரை இருண்டது. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏய் வேணி" என்றாள் சித்ரா. "எங்க நெலத்த வாங்கி லேஅவுட் போட்டாங்களே, அந்தத் தெறப்புக்கு வந்த கூட்டம் நீங்கதானா?"

"எந்த ஊரு?"

"தீவனூர் பக்கம். பெரிய வேப்பமரம் ஒண்ணு இருக்கும்."

யோசித்துப் பார்த்தேன். "வந்திருக்கோம்."

"அடிப்பாவி! எங்கப்பா அந்தக் கூட்டத்தப் பாத்துட்டு, அய்யோ கம்மி வெலைக்கி வித்துட்டமேன்னு ரெண்டு நாளு சோறு எறங்காம கெடந்தாரு. எங்கம்மா திட்டாத திட்டு இல்ல." அவள் என் தோளில் அடித்தாள். அடித்துவிட்டுச் சிரித்தாள். "போயி அவருகிட்ட சொல்றேன் இரு. கூட்டம் பொய்யின்னு தெரிஞ்சா இனிமேலாச்சும் நிம்மதியாத் தூங்குவாரு."

தமிழ்மணி சார் கீழே போய் மூன்று டீ வாங்கி வந்தார். எப்போதும் சித்ராவோ நானோதான் போவோம். என் டீயை மேஜைமேல் வைத்தபோது, "நல்லாப் பேசின" என்றார். முகத்தில் கவலை அப்படியே இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அவள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"போயும் போயும் வெள்ளக்காரிகிட்டயா இதச் சொன்ன?"

"அவங்க வெள்ளக்காரி இல்லம்மா. நம்ம கலருதான்."

"அப்ப புரிஞ்சிக்குவா." மறுபடி உரிக்கத் தொடங்கினாள். "அது சரி, அங்க ஒக்கார்றவங்களுக்கு இன்னா குடுக்கறாங்களாம்?"

"அங்க ஆளே ஒக்கார்றதில்லம்மா. வெறும் கம்பெனி பேரு. பத்திரத்துல மட்டும்தான் கூட்டம்."

"ஆளுக்கு ஒரு பொட்டலம் சோறுகூட போடாம கூட்டம் காட்டறானா?" அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "கஞ்சப்பய. நல்லா எழுது அவன."

மிஸஸ் ஜோசப்பிடமிருந்து அந்த வாரம் பதில் வரவில்லை. அச்சுக்குப் போக வேண்டிய நாளும் கடந்தது. தமிழ்மணி சார் சென்னை நண்பர்களுக்குப் போன் செய்து வேறு வேலை ஏதாவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகத்தான் பேசினார். எங்களுக்குக் கேட்டது. சித்ரா எனக்காக ஏதேதோ வேடிக்கை பேசினாள். நான் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஐந்து சதவீதம் மாறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ ஒன்று வந்தது. கார் ஓட்டிக்கொண்டே எடுத்திருந்தார். பிறகு இறங்கி நடந்தார். இரண்டு பக்கமும் இடுப்பளவு புதர். மனை எண் எழுதிய மரக்குச்சி ஒன்று சாய்ந்து கிடந்தது. கடைசியில் கடல். வலை காயப்போட்ட இடத்தில் ஒரு கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இங்கே நிலம் வாங்கினவர்கள் யாராவது வந்து பார்த்தார்களா என்று மிஸஸ் ஜோசப்பின் குரல் கேட்டது. வரி போடுகிறவர்கள்தான் வந்தார்கள், பக்கத்து நிலம் விலை ஏறிவிட்டதாம், என் குடிசைக்கும் வரி ஏற்றிவிட்டுப் போனார்கள் என்றார் கிழவர்.

வீடியோவுக்குக் கீழே இரண்டே வரிகள். பெலிக்கன் விரிகுடாவைத் தனிப்பக்கத்தில் போடவும், ஏன் சராசரியில் சேர்க்கவில்லை என்று வேணி எழுதியபடியே விளக்கவும். கடைசி அட்டையில் விளம்பரம் வராது, அங்கே இந்த நிலத்தின் புகைப்படத்தைப் போடவும்.

தமிழ்மணி சார் அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, வெளியே போய் மாடிப் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"சித்ரா, பேரு எங்க போடறோம்?"

"மொத பக்கத்துல கீழ சார்."

"கொஞ்சம் பெருசாவே போடு."

அறிக்கை வெளியான அன்று தீவின் ரேடியோவில் மிஸஸ் ஜோசப்பைப் பேச அழைத்திருந்தார்கள். இன்டர்நெட்டில் கேட்கலாம் என்று இணைப்பை அனுப்பினார். ஆறு மணிக்கு மூன்று பேரும் ஒரே கணினியின் முன்னால் உட்கார்ந்தோம். அம்மாவைப் போனில் அழைத்து, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்றாள்.

முதலில் பாட்டு, பிறகு மீன் விலை, பிறகு மிஸஸ் ஜோசப். அறிவிப்பாளர் எண்ணைக் கேட்டார். ஐந்து சதவீதம் என்றார் அவர். ஊரில் எல்லோரும் இருபது என்று பேசிக்கொள்கிறார்களே என்றார் அறிவிப்பாளர். மிஸஸ் ஜோசப் பெலிக்கன் விரிகுடாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நேயர்கள் போன் செய்தார்கள். ஒருவர் திட்டினார். ஒரு பெண், வரித்துறையினர் இந்த அறிக்கையைப் படிப்பார்களா என்று கேட்டார். நேற்றே அவர்களுடைய மேஜையில் ஒன்றை நானே வைத்துவிட்டு வந்தேன், அந்தக் கடற்கரை வீடுகளின் வரியைத் திரும்பப் பார்ப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார் மிஸஸ் ஜோசப். சித்ரா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"இதைக் கண்டுபிடித்தது யார்?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"வேணி பெரியசாமி" என்றார் மிஸஸ் ஜோசப், ஒவ்வொரு எழுத்தாக, பழகிப் பார்த்துக்கொண்டு வந்தவர்போல. "இந்தியாவில் திண்டிவனம் என்ற ஊரில் இருக்கிறார்."

தமிழ்மணி சார் மேஜையை ஓங்கித் தட்டினார். "திண்டிவனம்! கேட்டியா? திண்டிவனம்!" கீழே டைல்ஸ் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

போனில் அம்மாவின் குரல் கேட்டது. "பெரியசாமின்னு ஒங்கப்பா பேரு வந்துச்சே!"

"ஆமாம்மா. என் பேரும் வந்துச்சி."

"அது வந்துச்சி. ஒங்கப்பா பேரும் வந்துச்சி. எம் பேரு எங்க? அந்தாளு ஒரு நாளாச்சும் வந்து ஒக்காந்தாரா? ஒக்காந்தது நாந்தான?"

"எம்மா, ரேடியோ இது."

"இருந்தா இன்னா? சொல்லச் சொல்லு."

நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு மிஸஸ் ஜோசப்பின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ரேடியோவில் அடுத்த பாட்டு போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் அவர் அறிவிப்பாளரை நிறுத்தி, ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன் என்றார். காகிதம் புரளும் சத்தம் வந்தது.

"வேணிக்கு இதில் ஒருவருடைய அனுபவம் உதவியிருக்கிறது. அவருடைய தாயார். பெயர் ஷென்... ஷென்பகம். நிலச் சந்தையில் நீண்டகால அனுபவம் உள்ளவர்."

போனில் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு. "கேட்டியாடி? கேட்டியா? எம் பேருதான்."

பிறகு என்னிடம் வந்தாள்.

"கேட்டுச்சி" என்றாள். "சரி, ஜல்தி கெளம்பி வா. காந்திமதி வந்து ஒக்காந்துக்கினு இருக்குது. அடுப்புல மல்லாட்ட வேவுது."